அண்ணாச்சியின் புள்ளி திவாலான கதை

ஒரு பட்டாசு முதலாளியை அவர் வீட்டுக் கூடத்திலேயே வைத்துத் திவாலாக்கியவள் நான்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றேன். கடைசிச் சில ஆண்டுகள் ஏஜென்ட் மாடல் என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதேன். லேப்டாப் திரையில் ஏகப்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள். எல்லோருக்கும் ஒரே முதல் கொடுத்து, தங்களுக்குள் வியாபாரம் செய்ய விடுவோம். சற்று நேரத்தில் சிலர் கொழுப்பார்கள், பலர் காய்வார்கள். ஏற்றத்தாழ்வு எப்படி முளைக்கிறது என்று பார்க்கத்தான் இந்த விளையாட்டு.

புள்ளிகளுக்கு நிஜ மனிதர்களின் விவரம் வேண்டும். அதற்கு ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி, தம் தொழிலாளர்களிடம் பேச என்னை அனுமதிக்க வேண்டும். மறுத்தால் ஆய்வுக்கு மூடுவிழாதான். ஐஸ் வைக்கலாமென்று ஒரு சிவப்புப் புள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நான் ஒத்தையா நின்னு மேல வந்தவன் டீச்சர். என் புள்ளி எங்கன போய் நிக்குதுன்னு பாருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

காபி ஆறுவதற்குள் சிவப்புப் புள்ளி திவால். மறுபடி ஓட்டினேன், மறுபடியும் திவால்.

"என்ன டீச்சர், ஆளைப் பட்டினி போடுதீக? அதுக்கு வாடகையில்லாம ஒரு கொட்டகை குடுங்க."

கொடுத்தேன்.

"மொத சீசன்ல லோடு பூரா நனைஞ்சு போச்சு. அப்ப மச்சான் கைகுடுத்தாருல்லா, அதையும் போடுங்க. ஆர்டர் பிடிச்சுத் தர ஒரு சித்தப்பா."

எல்லாவற்றையும் போட்டேன். புள்ளி ஜம்மென்று உச்சியில் போய் உட்கார்ந்தது. அண்ணாச்சி கைதட்டினார்.

கதவோரம் நின்ற அவர் மனைவி சொன்னார்: "எங்கப்பா குடுத்த கொட்டகையப் பத்தி இன்னைக்குத்தான் உங்க வாயால கேக்கேன்."

அண்ணாச்சிக்குக் காது சிவந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அனுமதி போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

"மத்த புள்ளிகளுக்கு மாமனார், மச்சான்னு ஒருத்தரும் இல்லையா?" என்றார் திரையைப் பார்த்தபடி.

"உங்க ஆளுககிட்டக் கேட்டாத்தானே அண்ணாச்சி தெரியும்."

"சரி, நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல வாங்க."

ஆய்வுக்குக் கிளம்பும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எப்படி முன்னேறினீர்கள் என்று யாரையும் கேட்காதீர்கள். அவர்கள் பெயரில் ஒரு புள்ளியைத் தோற்கவிட்டு, அதைக் காப்பாற்றச் சொல்லுங்கள். உண்மை தானாக வந்துவிடும்.

மறுநாள் கம்பெனியில், அண்ணாச்சியின் புள்ளி மாமனார் கொட்டகையோடு உச்சிக்குப் போனதைத் திரையில் காட்டிவிட்டு, அப்படித்தான் கேட்டேன். திரி வைக்கும் மாரியம்மாள் தன் புள்ளி தோற்றதைப் பார்த்துவிட்டு, தூக்குவாளியை மூடியபடி சொன்னாள்: "அண்ணாச்சிக்குக் குடுத்த அதே மாமனார எனக்கும் குடுங்க டீச்சர், போதும்."

பின்னால் நின்ற அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார்.