பூட்டுக்குள் பிசைந்த மாவு

எது முரண்டு பிடித்தாலும் என் வீட்டுக்காரர் எண்ணெய் விடுவார். கதவுக் கீல், தையல் மெஷின், குடைக்கம்பி, ஒருமுறை நின்றுபோன சுவர்க் கடிகாரம். கல்யாணமான நாள் முதல் பார்க்கிறேன், சட்டைப் பையில் எண்ணெய்க் குப்பி இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. லாரி ஸ்டாண்டில் அவருக்கு 'எண்ணெய்ச் சட்டி' என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபப்படவும் மாட்டார், திரும்பிப் பார்ப்பார்.

எங்களுடையது பழைய லாரி. மில்லிலிருந்து ரொட்டிக் கடைகளுக்கு மாவு மூட்டை ஏற்றுகிறோம். வண்டியில் எங்கே கை வைத்தாலும் வெள்ளையாக ஒட்டும். மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போவேன். அதனால் கதவுப் பூட்டுகள் வரவர இறுகுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாவி நுழையாது, நுழைந்தால் திரும்பாது. "எண்ணெய் பத்தல" என்று ஊற்றுவார். கொஞ்ச நாள் சரியாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசம். கியர் கம்பியும் அப்படித்தான். அதன் அடியில் இருந்த ரப்பர் உறை கிழிந்திருந்தது. அதை மாற்றுங்கள் என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவரோ அந்தக் கிழிசல் வழியாகவே எண்ணெய் விட்டார்.

ஒரு நாள் மில் வாசலில் கியர் முதலாவதில் மாட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மில் மேனேஜர் வெளியே வந்தார்.

"நாளைக்குக் காலையில வண்டி வரணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

அந்த மில்லை விட்டால் எங்களுக்கு வேறு லோடு கிடையாது. முதல் கியரிலேயே ஊர்ந்து பட்டறைக்குப் போனோம். சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின.

"கியர் பாக்ஸை இறக்கணும்ணே. ஒரு வாரம் ஆகும்" என்றார் மெக்கானிக்.

"ஒரு வாரமா? கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாத்தா..."

"நீங்க இதுவரைக்கும் விட்ட எண்ணெயில கப்பலே மிதக்கும்ணே!"

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. அன்று பொறுக்க முடியவில்லை. வண்டிக் கதவுப் பூட்டில் சாவியை விட்டு உருவினேன். நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் உருட்டினேன், உருண்டது.

"தம்பி, இது மாவு. எண்ணெய விட்டு விட்டுப் பெசஞ்சு வச்சிருக்கார். கியருக்கு அடியிலயும் இதுதான் இருக்கும். பாக்ஸை இறக்கறதுக்கு முன்னாடி அந்த ரப்பரக் கழட்டிப் பாருங்களேன்."

"உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு" என்றார் இவர்.

"இத்தனை வருஷமா சும்மாதானே இருந்தேன்!"

மெக்கானிக் ரப்பரைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, இதுல ரொட்டியே சுடலாம்! அண்ணி சொன்னது சரிதான்."

கியர் கம்பியின் அடிக் குமிழைச் சுற்றிக் கெட்டித்துப் போயிருந்ததைச் சுரண்டி எடுத்தார். டீசல் விட்டுக் கழுவி, கிரீஸ் தடவி, புது உறை மாட்டினார். பூட்டுகளைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டார். இவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பூட்டுக்கு இனி எண்ணெயே வேண்டாம், வழுக்கிக்கொடுக்கப் பென்சில் கரித்தூள் போதும் என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலையில் மில்லுக்குப் போய்விட்டோம். ஸ்டாண்டில் இவர், "எனக்கு அப்பவே மாவு மேலதான் சந்தேகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது எல்லாக் கியரும் விழுகிறது. ரிவர்ஸ் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. என் பக்கக் கதவு ஒரே திருப்பில் திறக்கிறது. அவர் பக்கத்துப் பூட்டில் கழற்றும்போது ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது, பழைய வண்டிக்கு மாற்றுக் கிடைக்கவில்லை. அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம். அவர் என் பக்கமாக ஏறி நகர்ந்து போய் உட்கார்ந்த பிறகு நான் ஏறுகிறேன். மில் லோடு எங்களிடமே இருக்கிறது.