பாலத்துக்கு அடியில் கூவிய ரயில்

ஊட்டி மலை ரயிலுக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டோம் என்று சொன்னீர்கள். நான் வரவில்லை என்றதும் பெரியவளுக்குக் கோபம். "அம்மா ஆசைப்பட்டு, கெடைக்காமலே போயிட்டாங்க. அவங்களுக்கோசரமாச்சும் வாப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பதிலைத்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் நான். எழுதினால் கோர்வையாக வருகிறதா பார்க்கிறேன்.

அந்த மலை ரயில் முதலில் நம் வீட்டுக்குள் வந்தது காலண்டரில்தான். ஜீவனஹள்ளி வீட்டில் உங்கள் அம்மா ஊதுபத்தி உருட்டுவாள். சரக்கு கொடுக்கும் கடைக்காரர் கொடுத்த காலண்டர் அது. நீல ரயில், பச்சை மலை, ஒரு குகை வாய். அதற்கு எதிரே உட்கார்ந்துதான் உருட்டுவாள். கை கரியாக இருக்கும், கண் அந்தப் படத்தில் இருக்கும். "இன்னாங்க, குகைக்குள்ள போறப்ப எல்லாரும் கூ-ன்னு கத்துவாங்களாமே, நெசமா?" என்று கேட்பாள். "போய்ப் பாத்துட்டா தெரிஞ்சிட போவுது" என்பேன். அடுத்த கோடை லீவுக்குப் போவதாகத்தான் இருந்தோம்.

அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள். உயரமான இடம், குளிர், இரண்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "ஒங்க ரயில்ல டாக்டர் போவ வேணாம்னு சொல்லலியே" என்றாள்.

என் ரயில் என்றால் மாரிக்குப்பம் பாசஞ்சர். மாலூர் கூரை ஓட்டு ஃபேக்டரியில் எனக்கு லோடிங் வேலை. தினமும் காலையில் வீட்டுக்குப் பக்கத்து ஈஸ்ட் ஸ்டேஷனில் அதைப் பிடித்துத்தான் போவேன். சீசன் டிக்கெட்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பெட்டி, அவரவர்க்கு அவரவர் இடம். நாலு பேர் முழங்கால் மேல் ஒரு துண்டை விரித்தால் அதுதான் சீட்டாட்ட மேசை. பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. வழியெல்லாம் குப்பைமேடு, செங்கல் சூளை, யூகலிப்டஸ் தோப்பு. அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் உங்களுக்குப் பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை, லீவு போட்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஈஸ்ட் ஸ்டேஷனில் பிளாட்பாரம் தாழ்வு, படி உயரம். அவளால் ஏற முடியவில்லை. வண்டி நிற்பதோ கொஞ்ச நேரம். சீட்டாட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு கன்னடக்காரர் இருந்தார், பெரிய உடம்பு. அவர்தான் எழுந்து வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். "பன்னி அக்கா, கூத்கொள்ளி", வாங்க, உட்காருங்க என்று தன்னுடைய ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டு நான் பார்த்ததில்லை.

ஒக்கலிபுரத்திலிருந்து வரும் ஒருவர், பையில் எப்போதும் வெற்றிலை வைத்திருப்பவர், சும்மா இருக்கவில்லை. ஊட்டிக் கதையை நான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். "இன்னா மாமா, ஊட்டின்னு சொல்லி மாலூருக்கு இட்டுனு வந்துட்டியா? அக்கா, இவர நம்பாதீங்க. அடுத்து மைசூர் காட்றேன்னு கண்டோன்மென்ட்ல எறக்கிடுவாரு."

"அதுவும் நான் இன்னும் சரியா பாக்கலண்ணா" என்றாள் அவள். பெட்டியே சிரித்தது.

வொயிட்ஃபீல்டு தாண்டி ஒரு ரோட்டுப் பாலத்துக்கு அடியில் வண்டி போகும். ஒரு நொடி இருட்டு, அவ்வளவுதான். சின்னவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு "அம்மா, குகை" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, இருந்த மூச்சில் கூ என்று கத்தினாள். நீங்கள் இருவரும் கத்தினீர்கள். பெட்டியே அதிரும்படி அந்தக் கன்னடக்காரரும் கத்தினார்.

அன்று மாரிக்குப்பம் வரை போய், அதே வண்டியில் திரும்பினோம். வழியில் டேக்கல் பாறைகளைப் பார்த்து, "மலைதான இதுவும்" என்றாள். அப்புறம் இரண்டு மூன்று முறை போனோம். ஒவ்வொரு முறையும் அவளைத் தூக்கி ஏற்ற இன்னொரு கை தேவைப்பட்டது. கடைசி முறை பாலம் வந்தபோது அவள் வாயை மட்டும் திறந்தாள். சத்தம் நீங்கள்தான் போட்டீர்கள்.

அவளுக்கு ஆசை தீர்ந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வருடம் முடிந்தும் அந்தக் காலண்டர் படத்தை அவள் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான். அம்மா வராத நாட்களிலும் அந்தப் பெட்டிக்காரர்கள் பாலத்துக்கு அடியில் கூவுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். சீட்டு கையில் இருக்கும், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், பாலம் வந்தால் எல்லோரும் ஒரு கூ. நான் வீட்டுக்கு வந்து சொல்வேன். படுத்தபடியே சிரிப்பாள். கடைசி வாரங்களில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள், பெட்டியில் யாருக்கும் விஷயம் தெரியாது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் லீவு போட்டிருக்கிறேன் என்றே நினைத்திருந்தார்கள். மொட்டைத் தலைக்கு மேல் குல்லாய் போட்டிருந்தேன். குளிர்காலம், யாரும் சந்தேகப்படவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். பையப்பனஹள்ளி போயிற்று, கே.ஆர்.புரம் போயிற்று, வொயிட்ஃபீல்டும் போயிற்று. பாலம் வந்தது. எல்லோரும் கூவினார்கள்.

"யாகப்பா சும்மனிதீயா? அக்கா ஹேகிதாரெ?" என்றார் அந்தக் கன்னடக்காரர். ஏன் சும்மா இருக்கிறாய், அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்.

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது கூ என்ற சத்தம். பாலம் எப்போதோ போய்விட்டது. வெளியே நல்ல வெயில். நான் மட்டும் கூவிக்கொண்டிருந்தேன், நிறுத்தத் தெரியவில்லை. வெற்றிலைக்காரர் என் குல்லாயைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். மறுபடி சரியாகப் போட்டுவிட்டார். முழங்கால் மேல் விரித்திருந்த துண்டைச் சீட்டோடு சேர்த்து மடித்தார்கள்.

மறுநாள் பாலம் வந்தபோது பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஃபேக்டரியை விட்டு நான் நிற்கும் வரை, அந்தப் பாலத்துக்கு அடியில் எங்கள் பெட்டி சத்தம் இல்லாமல்தான் போயிற்று. புதிதாக ஏறிய யாராவது பேசிக்கொண்டிருந்தால்கூட அந்த இடத்தில் கன்னடக்காரர் கையைக் காட்டி நிறுத்துவார்.

ஊட்டி ரயிலில் குகை ஒன்றிரண்டு இல்லையாம், நிறையவாம். ஒவ்வொன்றிலும் வண்டி மொத்தமும் கத்துமாம். பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து "தாத்தா, நீயும் கத்து" என்பான். சந்தோஷமாக வந்திருக்கிற அத்தனை பேர் நடுவில், திறந்த வாயை எனக்கு மூடத் தெரியாது.

டிக்கெட்டில் என் பேரை மட்டும் எடுத்துவிடுங்கள். நீங்கள் போய் வாருங்கள். நன்றாகக் கத்துங்கள்.