கொழும்பு விமானத்தில் இரண்டு இடம்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில், நானும் அம்மாவும் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போனோம். அப்பா அங்கே ஒரு தேயிலைக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துவந்தார். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டில் இருந்தோம். எங்கள் வீதியில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர்களும் கிடையாது.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மிளகு சாத்தமுதும் கம்பளியும் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதுந்தான். ரயிலிலும் கப்பலிலும் போனால் வழியில் மண்டபம் முகாமில் சோதனைக்கென்று தங்கவைத்துவிடுவார்கள் என்பதால், விமானத்தில் போவதென்று முடிவாயிற்று. கிடைத்தது இரண்டே இடம். முதலில் அம்மாவும் மாமாவும் போவதாகத்தான் இருந்தது. ராத்திரி கொழும்பிலிருந்து ஒரு தந்தி வந்தது. விடிந்தபோது மாமாவுக்குப் பதில் நான் என்று மாறியிருந்தது.

"அப்பா உன்னைப் பாக்கணுங்கறார்" என்றார் மாமா.

பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுக்காமல் ஒப்பித்ததற்குக் கிடைத்த பரிசு என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமாவுக்கு வாய்ப்பாடு அவ்வளவு வராது போலிருக்கிறது என்று கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

மாமா பொன்மலை ரயில் பட்டறையில் வேலையாக இருந்தார். அவர் விமானம் ஏறியதில்லை. அவருடைய மேலதிகாரி ஏறியிருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு வந்ததையெல்லாம் அன்று சாயங்காலம் அம்மாவை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"கிளம்பறப்ப வயிறு முட்டச் சாப்பிடப்படாது, அக்கா. வெறும் வயித்தோடயும் ஏறப்படாது. ரெண்டு இட்லி போதும்."

"சரி."

"காது அடைக்கும். எச்சிலைக் கூட்டி முழுங்கினா விட்டுடும். குழந்தை வாயில கல்கண்டு போடு, சப்பிண்டே இருக்கட்டும்."

"சரி."

"கூஜாவுல தீர்த்தம் கழுத்து வரைக்கும் ரொப்பாதே, மேல போனா கசியுமாம். அங்க இருக்கற டம்ளரைத் தொடாதே. யார் யாரோ குடிச்சிருப்பா. எதைத் தின்னாலும் கை அலம்பிண்டு தின்னுங்கோ."

வழக்கமாக மாமா ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மா அதில் மூன்று தப்புக் கண்டுபிடித்துவிடுவாள். அன்று எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அவர் சொல்லி முடித்ததும், "காதுக்கு என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு" என்றாள். மாமா முதலிலிருந்து சொன்னார். மாமி பஞ்சை உருட்டி உருட்டி, ஒரு வீதிக்கே காணும்படி ஒரு டப்பா நிறைய வைத்தாள். சாப்பிடும்போதும் காதைப் பற்றியேதான் பேச்சு. அப்பாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே உலகத்தில் காதுவலியைவிடப் பெரிய ஆபத்து கிடையாது என்று தெரிந்துகொண்டு நான் தூங்கப் போனேன்.

விமான நிலையம் என்பது புதுக்கோட்டை சாலையில் ஒரு பெரிய பொட்டலும் ஒரு கொட்டகையுந்தான். அங்கே பெட்டியை நிறுத்தார்கள். பிறகு எங்களையும் நிறுத்தார்கள். மடிசாரோடு எடைமேடையில் ஏறிய அம்மா, இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. மாமா கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, தன் காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார்.

உள்ளே சிப்பந்தி ஒருவர் எங்கள் இடுப்பில் பட்டையை மாட்டிவிட்டார். "குலுங்கும்மா, இறங்குற வரைக்கும் கழட்டாதீங்க. வாந்தி வந்தா இந்தப் பையில எடுங்க" என்று ஒரு காகிதப் பையைக் கையில் கொடுத்தார். விமானம் கிளம்பி ஒரு வட்டம் அடித்தது. கீழே காவேரி, கொள்ளிடம், நடுவே எங்கள் ஊர். மொட்டைக் கோபுரம் உரல் அளவுக்கு இருந்தது. "அம்மா, கோவில்" என்று அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் குனிந்து பார்க்கவில்லை. கைகளை மட்டும் கூப்பினாள்.

காகிதப் பை சீக்கிரமே பயன்பட்டது. அம்மா என் வாயைத் துடைத்து, கூஜாத் தண்ணீரில் என் விரல்களை ஒவ்வொன்றாக அலம்பி, காதில் பஞ்சு வைத்து, கல்கண்டு கொடுத்தாள். எல்லாம் மாமா சொன்னபடி. எனக்குச் சரியாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் காதில் பஞ்சே இல்லை.

"காது வலிக்கறதாம்மா?"

தலையை ஆட்டினாள்.

"எச்சிலை முழுங்கும்மா. விட்டுடும்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொன்னபடி விழுங்கினாள்.

"விட்டுடுத்தா?"

"விட்டுடுத்து" என்றாள். ஆனால் விட்டதாகத் தெரியவில்லை. ஒரு கல்கண்டை எடுத்து அவள் வாயில் வைத்தேன். காலையில் இரண்டு இட்லிகூடச் சாப்பிடாமல் வந்தவள், மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். அப்புறம் கடல் முழுவதும் அவளுக்கு நான்தான் வைத்தியம் பார்த்தேன்.

கொழும்பில் இறங்கும்போது அம்மா விமானத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப்புறம் அப்பாவோடு வேலை பார்க்கும் கும்பகோணத்துக்காரர் நின்றிருந்தார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் எங்களைக் கண்டுபிடித்துவிட்டு, வாயருகே கையைக் குவித்துக் குரல் கொடுத்தார்.

"மாமி, காத்தால கஞ்சி குடிச்சார். பேசறார்."

அம்மா எப்படியோ இறங்கி வந்தாள். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். மற்றவர்கள் ஒதுங்கி ஒதுங்கி இறங்கிப் போனார்கள்.

எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி என்றாலே பிடிக்காது. அதைப் போய் அவரைக் குடிக்கவைத்துவிட்டார்களே என்று, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.