ஆற்றங்கரை ஆள்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிறம்ரனில் நான் வேலை செய்யும் வெயார்ஹவுஸுக்கு ட்ரக் கொண்டுவருகிற சாரதி அவர். நரைத்த தாடி. ஜாக்கெற்றில் அறுந்துபோன சிப்புக்குப் பதிலாக மூன்று சட்டை ஊசிகள். சாமான் ஏற்றி முடியும்வரை ட்ரக் கதவின் தூசியில் விரலால் எதையாவது கீறிக்கொண்டிருப்பார்.

ரொறன்ரோவில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் சந்தித்தால் முதலில் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்.

"அண்ணை, ஊரில எவடம்?"

இடத்தைச் சொன்னால் சாதியையும் பிடித்துவிடலாம் என்று கேட்கிற கேள்வி அது. நான் அதற்காகக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் தூசியில் வளைத்து ஒரு கோடு கீறினார்.

"உது ஆறு, தம்பி. அமெரிக்காவில, நெப்ராஸ்காவில ஒரு கவுண்டி, எங்கட மாவட்டம் மாதிரி, நான் லோட் கொண்டு போற இடம். அதின்ர பட்டணம் முதல்ல இந்த ஆத்தங்கரையிலதான் இருந்தது. பிறகு ரயில் பாதையைத் தள்ளிப் போட்டுட்டாங்கள். சனம் வீடுகளை அடியோட கிளப்பி, குதிரை பூட்டி இழுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போயிட்டுது. அரசாங்கக் கச்சேரியும் அங்க மாறிட்டுது. பழைய இடத்தில இப்ப வெறும் சோளம்."

"நான் யாழ்ப்பாணத்தைக் கேட்டனான்."

"ஓம், விளங்கினது" என்றார். சாமான் ஏற்றிய துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ட்ரக்கை எடுத்தார்.

மனுசன் விசரனா, என்னை நக்கலடித்தாரா, இல்லை நேராகத்தான் பதில் சொன்னாரா? குழப்பத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி, ஆள் எவடமாம்?"

"ஆத்தங்கரையாம்" என்றேன்.

ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் அது எந்த இடம் என்று அவள் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.