காயத்தில் அப்பிய மஞ்சள்

இதய வால்வு மாற்றியதிலிருந்து என் கணவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சமீபமாக ஆட்களின் பெயரெல்லாம் மறக்கத் தொடங்கினார். மஞ்சளில் உள்ள சத்து மூளைச் செல்களைக் காக்குமாம் என்று செல்போனில் பார்த்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளிக் கடையில் மஞ்சள் கேப்சூல் வாங்கித் தினமும் கொடுத்தேன். குழம்பில் போடுவதுதானே!

போன சம்பாவில் வரப்பு வெட்டும்போது மண்வெட்டி அவர் காலில் பட்டுவிட்டது. சின்ன வெட்டுதான். வழக்கம்போல் மஞ்சள்தூளை அள்ளி அப்பினேன். ரத்தம் நிற்கவில்லை. துண்டைக் கட்டினேன், அதுவும் நனைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"வால்வு மாத்திரை தவிர வேற என்ன மருந்து சாப்பிடுறார்?" என்றார் டாக்டர்.

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

படுத்திருந்தவர்தான் மெல்லச் சொன்னார்: "தினம் மஞ்சள் மாத்திரை குடுக்குறியே..."

டாக்டர் திடுக்கிட்டார். "குழம்புல போடுறது வேற, இது வேறம்மா. கேப்சூல்ல சத்து அடர்த்தியா இருக்கும், அதுவும் ரத்தத்தை உறைய விடாது. ரெண்டும் சேர்ந்தா ரத்தம் எப்படி நிக்கும்?"

ஊசி, தையல் எல்லாம் போட்டு ரத்தம் நின்ற பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், 'இதெல்லாம் ஒரு மருந்தா' என்று நான் நினைப்பதையும் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். பெயரெல்லாம் மறக்கிற மனிதர் அன்று அந்த மஞ்சள் மாத்திரையையும் மறந்திருந்தால்?