ஏழுமலையோட எண்பது பக்க நோட்டு

கூலன்ட் ஆயில் வாசனையும் பொரிகடலை வாசனையும் ஒண்ணா மூக்குல ஏறுனா, எனக்கு அம்பத்தூர் எஸ்டேட் ஆயுதபூஜைதான்...

தொண்ணூறுகளோட ஆரம்பம். டிப்ளமோ முடிச்சு ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்திருந்தேன். அங்க இருந்த ஒரே சிஎன்சி லேத்துக்கு, அதான் நம்பரா அடிச்சுக் குடுத்தா தானா இரும்பு கடையுற மெஷினுக்கு, புரோகிராம் எழுதுறது நான். ஆறு மாசம் பார்த்துட்டுதான் நிரந்தரம்னு முதலாளி சொல்லியிருந்தார். என் தலைக்கனம் மட்டும் முதல் நாளே நிரந்தரமாயிடுச்சு.

மெஷினை ஓட்டுறது ஏழுமலை. பக்கத்துல கள்ளிக்குப்பத்துக்காரன், என் வயசுதான். "பட்டன் அமுக்குறது உன் வேலை, யோசிக்கிறது என் வேலை"ன்னு அவன்கிட்ட சொல்லியே இருக்கேன். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

பூஜைக்கு மெயினை ஆஃப் பண்ணி எல்லாத்தையும் துடைச்சோம். பழைய பேப்பரை எல்லாம் நான்தான் குப்பையில போட்டேன். அதோட விட்டேனா... மெஷின் பேட்டரியைக் கழட்டி, கடைக்குப் போய் புதுசு வாங்கி மாட்டி, சந்தனமும் குங்குமமும் வெச்சேன்!

பவர் இருக்கும்போதுதான் அந்த பேட்டரியை மாத்தணும். இல்லன்னா மெஷினுக்கு எல்லாம் மறந்துடும். மேனுவல்ல இருந்துச்சு... படிச்சாத்தானே!

மறுநாள் ஆன் பண்ணா, ஒரு புரோகிராம்கூட இல்ல. மெஷின் செட்டிங் லிஸ்ட் பேனல் கதவுக்குள்ள இருந்துச்சு, அதைப் பார்த்து மெஷின்ல டைப் அடிச்சுட்டேன். ஆனா என் புரோகிராம் பேப்பர் குப்பையோட போயாச்சு. சாயங்காலம் சரக்கு போகணும். வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

ஏழுமலை வந்தான். "இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன்.

"அவ்ளோதானா? நம்ம கைல கீது சார்."

டிபன் பைக்குள்ளருந்து ஒரு எண்பது பக்க நோட்டை எடுத்தான். எல்லா புரோகிராமும், ஒரு வரி விடாம! ஓரத்துல தமிழ்ல குறிப்பு வேற... "இங்க மெள்ள போ", "இங்க டூல் மொறைக்கும்".

அவன் படிக்க நான் அடிச்சேன். நாலாவது வரியிலயே நின்னுட்டேன்.

"இது நான் எழுதின நம்பர் இல்லியே?"

"நீ எழுதுன நம்பருக்கு மெஷின் கத்துச்சு சார். மாத்திகினேன். ரெண்டு மாசமா இதான் ஓடிகினு கீது."

அடுத்தடுத்த வரியும் அப்படித்தான். பீஸ் பளபளன்னு வருதுன்னு முதலாளி என்னைத் தட்டிக் குடுத்ததெல்லாம் ஞாபகம் வந்துச்சு...

சரக்கு போனதும் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நல்லா திட்டினார், ஆனா வேலையை விட்டு அனுப்பல. அதுக்கப்புறம் புரோகிராமை நாங்க ரெண்டு பேரும் உக்காந்துதான் எழுதினோம்.

இப்ப எல்லாம் டச் ஸ்க்ரீன். படத்தைத் தொட்டா புரோகிராம் ரெடி. அந்த நோட்டுல இருந்த மாதிரி மெஷினோட பேசுறவங்கதான் கண்ணுல படல... போன வாரம் மெஷின் விக்க வந்தவர் பெருமையா சொன்னார், "சார், இதுல ஆபரேட்டரே புரோகிராம் மாத்திக்கலாம்!"

சிரிப்பை அடக்க முடியல. உடனே ஏழுமலைக்கு போன் போட்டு சொன்னேன்.

"அப்போ இனிமே உனக்குத் தெரியாம மாத்த வேணாம்னு சொல்லு மாமே!"