மீட்டருக்குப் பதிலாக ஒரு கை

காலை ஐந்து மணிக்குச் சண்டை போட ஆள் கிடைக்காது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் மூடி அக்கா தன் விரல்களோடு ஆரம்பிப்பாள்.

"நகரு சனியனே" என்பாள் வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்து. சனியன் நகராது. பத்து விரலையும் யாரோ கோந்தில் முக்கிக் காயவைத்துவிட்டுப் போனதுபோல விறைத்துக் கிடக்கும். போர்வையை முழங்கையால் தள்ளி, விளக்கை மணிக்கட்டால் தட்டிப் போட்டு, சமையலறைக்குப் போய், வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் இரண்டு கைகளையும் இறக்குவாள். அதற்குள்ளேயே மெதுவாக ஒரு பிடி. முட்டையைப் பிடிப்பதுபோல, நசுங்காத பிடி. பிறகு விரித்தல். பிறகு கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுவர வேண்டும். அது சுண்டுவிரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தனக்குத் தெரிந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்திருப்பாள்.

வயது நாற்பத்தாறு. முடக்குவாதம் வந்து நான்கு வருடம். வயதானால் தேய்மானத்தில் வருகிறதே, அந்த மூட்டுவலி இல்லை இது. உடம்பைக் காக்க நிறுத்திய காவலாளி, திருடன் வராத கடுப்பில் வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிற மாதிரியான நோய். மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அறிவுரை தினமும், கேட்காமலே.

வேலை பார்த்தது மூட்டுவலித் தைலம் தயாரிக்கும் கம்பெனியில். சிரிக்க வேண்டாம்; அவளே நான்கு வருடமாகச் சிரித்து அலுத்துவிட்டாள். பாட்டிலுக்கு மூடி போடும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. காலை எட்டு மணிக்கு மெஷினிலிருந்து வரும் முதல் பத்து பாட்டில்களை அவள் கையால் திறந்து பார்ப்பாள். "இறுக்கம்" என்றால் மெக்கானிக் மெஷினைக் கால் திருகு தளர்த்துவார். "லூஸ்" என்றால் கால் திருகு முடுக்குவார். அவள் தலையாட்டிய பிறகு நாள் முழுக்க அதே அளவுதான். பதினோரு வருடமாக ஊரெல்லாம் போன பாட்டில்கள் அவள் மணிக்கட்டு சொன்னபடிதான் மூடிக்கொண்டன. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

இதற்கென்று ஒரு மீட்டர் இல்லாமல் இல்லை. வாங்கினார்கள். மூடியைத் திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று முள் காட்டும். மேனேஜர் அறையில், அட்டைப் பெட்டியில், பிரிக்காத நுரைக்குள் இருந்தது. மேனேஜர் அதன் மேல் தன் சாப்பாட்டுப் பையை வைப்பார். உயரம் சரியாக இருந்தது.

இதில் ஒரு தப்பு நடந்தது. எப்படி என்பது இப்போதே புரிந்திருக்கும். அவள் கை காலை எட்டு மணிக்கு மரக்கட்டை; பத்து மணிக்குக் கை. ஆனால் மெஷின் கேட்பதோ எட்டு மணிக் கையை. ஆறு மாதமாக அவள் நேர்மையாக "இறுக்கம், இறுக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கும் நேர்மையாகக் கால் திருகு, கால் திருகாகத் தளர்த்திக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு லாரி நிறையத் தைலம் ஒழுகிய அட்டைப் பெட்டிகள் திரும்பி வந்தன. கொட்டகை முழுக்கக் கற்பூர வாசனை. இரண்டு நாளைக்கு யாருக்கும் ஜலதோஷம் இல்லை.

மேனேஜர் யோசித்தார். மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கையைச் சோதிக்கலாம் என்று தோன்றியது.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றார். "ஆறு வாரம் எடுத்துக்குங்க. அப்புறம் ஒருநாள் காலைல எட்டு மணிக்குப் பத்து பாட்டில் திறந்து காட்டுங்க. முடியலைன்னா கௌரவமா ஓய்வெடுத்துக்கலாம்."

"எட்டு மணிக்கேவா சார்? பத்து மணிக்கு வச்சுக்கக் கூடாதா?"

"ஷிஃப்டு எட்டு மணிக்குத்தானே?"

ஓய்வு. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றும். வீட்டிலும் அதே பல்லவிதான். கணவர் துணியைப் பிழிய விடமாட்டார். காய்ந்த பிறகு, "முன்ன மாதிரி இல்ல, துணியெல்லாம் மொடமொடன்னு இருக்கு" என்று காற்றிடம் சொல்வார். நாத்தனார் வாரம் ஒருமுறை வந்து இரண்டு மணி நேரம் அனுதாபப்படுவாள்.

"அண்ணி, கைய இப்படி ஆட்டி ஆட்டி இருக்கறதும் தேஞ்சு போயிடப் போகுது. பேசாம உட்காருங்களேன்."

"பேசாம உட்கார நீ விட்டாத்தானே!"

"பார்த்தியா அண்ணா, நோவு வந்ததிலிருந்து அண்ணிக்குக் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு."

"நோவுக்கு முன்னாடியும் அப்படித்தான்" என்றார் கணவர், பேப்பரை இறக்காமல். அதுதான் அவர் அன்று மனைவிக்குச் செய்த ஒரே ஆதரவு.

இல்லை, இன்னொன்றும் செய்தார். விரலுக்கு வலு வரட்டும் என்று கடையில் ஒரு ஸ்பிரிங் பிடி வாங்கி வந்தார். பயில்வான்கள் அமுக்குவது. அதை அவள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் பிசியோதெரபிப் பெண்ணிடம் காட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கி, காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"இதுக்கு இதான் வேலை. உங்க கைக்கு ஈர ஸ்பாஞ்சு போதும்."

"ஆறு வாரத்துல பத்து மூடி திறக்கணும். ஸ்பாஞ்ச வச்சுக்கிட்டு நான் என்ன பாத்திரமா தேய்க்கறது?"

"கோபம் வருதா?"

"வராதா பின்னே?"

"நல்லது. வரட்டும். ஆனா விரல்ல காட்டாதீங்க. அசைக்காம வச்சா மூட்டு இறுகும், தசையும் வத்திப் போகும். அதுக்காக முரட்டுத்தனமாவும் கூடாது. செஞ்சு முடிச்சு ரெண்டு மணி நேரம் ஆகியும் வலி ஏறியே இருந்தா, மறுநாள் குறைச்சுக்குங்க. வீங்கிச் சூடா இருக்கற அன்னிக்கு வீரம் கிடையாது. மெதுவா மடக்கி நீட்டறது மட்டும். கோபத்தை நடந்து தீத்துக்குங்க."

அப்படியே செய்தாள். காலையில் பேசின், கை விரிப்பு, மேஜையில் உள்ளங்கையைப் பதித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குவது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறாமல் வீடு வரை நடை. அந்த நடையில் மேனேஜருக்கு அவள் சொன்ன பதில்களை எழுதி வைத்திருந்தால் ஒரு தொழிற்சங்கமே நடத்தலாம். மூன்றாவது வாரம் கட்டைவிரல் திட்டு முடிவதற்கு முன்பே சுண்டுவிரலை எட்டியது. ஐந்தாவது வாரம் பத்து மணிக்குக் கைகூடிய வேலை ஒன்பது மணிக்கே கைகூடியது.

எட்டு மணிக்கு மட்டும் கூடவில்லை. அது கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சோதனை நாளன்று பார்த்து வலது கை விரல் முட்டிகள் இரண்டு வீங்கி, தொட்டால் சுட்டன. நேரம் பார்த்து வருவதில் நாத்தனாரைவிடக் கெட்டிக்கார நோய்.

எட்டு மணிக்கு மேஜையைச் சுற்றிக் கூட்டம். பத்து பாட்டில் வரிசையாக. மேனேஜர் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். மூடி அக்கா வந்தாள். பையிலிருந்து பேசினை எடுத்தாள். ஃபிளாஸ்க்கைத் திறக்கச் சொல்லி ஸ்பேனரிடம் நீட்டி, தண்ணீரை ஊற்றச் சொன்னாள். கைகளை உள்ளே விட்டாள்.

"என்னம்மா இது?"

"அங்க என்ன நடக்குது சார்?" என்று தாடையால் காட்டினாள். மூடி மேல் பிளாஸ்டிக் உறை ஒட்டுகிற சூட்டுப் பெட்டி லைனின் கோடியில் உறுமிக்கொண்டிருந்தது.

"அது சூடாகுது."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி" என்றார் ஸ்பேனர், யாரும் கேட்காமலே.

"பதினோரு வருஷமா தினமும் அரை மணி எடுத்துக்குது. அதைக் கூப்பிட்டு நீ கௌரவமா ஓய்வெடுன்னு யாராவது சொன்னீங்களா? குளிர்காலத்துல முக்கால் மணி ஆகுது. அப்பவும் சுத்தி நின்னு பொறுமையா பார்க்கறீங்க. எனக்கு மட்டும் கடிகாரத்தைக் கழட்டறீங்க!"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

முக்கால் மணி நேரம் எல்லோரையும் நிற்க வைத்தாள். மடக்கினாள், நீட்டினாள். கட்டைவிரலைத் திட்டாமல் கூட்டிப் போனாள். திட்ட வேண்டியவர் எதிரிலேயே இருந்ததால். பிறகு முதல் பாட்டிலை எடுத்தாள். விரலால் முறுக்காமல், மூடியை உள்ளங்கையில் வாங்கி, தோளிலிருந்து திருப்பினாள். திறந்தது. ஏழு திறந்தன. மூன்றை நகர்த்தி வைத்தாள்.

"இது மூணும் இறுக்கம்."

"அப்போ ஏழுதான்" என்றார் மேனேஜர், வருத்தம் மாதிரி ஒன்றை முகத்தில் வரவழைத்து.

"நீங்க திறங்க."

அவர் சட்டைக் கையை மடித்தார். திருகினார். முகம் சிவந்தது, மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பேனர் தரையைப் பார்த்தார். ஒழுகிய லாரிக்குப் பயந்து போன வாரம் ஒரு முழுத் திருகு முடுக்கியது அவருக்குத்தான் தெரியும்.

"மீட்டரைக் கொண்டாங்க சார்" என்றாள் அவள். "சாப்பாட்டுப் பையைக் கொஞ்சம் கீழ வச்சுட்டு."

வேறு வழியில்லாமல் மீட்டர் வந்தது. முதல் இரண்டு பாட்டில்களுக்கு முள் சிவப்பைத் தாண்டியது. மூன்றாவது பச்சையிலேயே நின்றது. சரியான இறுக்கம்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பொய் சொல்ல வழியிருந்தது. மீட்டர் புதிது, பழகவில்லை என்று சொன்னால் தலையாட்ட நாலு பேர் இருந்தார்கள்.

"அது ஒண்ணு என் கை" என்றாள். "இன்னிக்கு வீக்கம். நான் இல்லைன்னு சொல்லலையே! கைக்கு நாளுக்கு நாள் மாறும். அதுக்குத்தானே கருவி வாங்கினீங்க? என் கையையே கருவியாக்கி, அது ஏன் கருவி மாதிரி இல்லன்னு என்னைக் கேட்டா எப்படி?"

மேனேஜர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அறைக்குப் போனார். மத்தியானம் ஒரு தாள் வந்தது. மீட்டர் இனி மூடி மேஜையில் இருக்கும். காலையில் அளவைப் பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. கையால் திறந்து பார்ப்பது ஒன்பது மணிக்கு மேல். நிர்வாகம் நீண்ட ஆலோசனைக்குப் பின் எடுத்த முடிவு என்று எழுதியிருந்தது. அந்த வரியை அவள் இரண்டு முறை படித்து, இரண்டு முறையும் கோபப்பட்டாள். ஆனால் நாற்காலி அவளுடையது.

மறுநாள் காலை எட்டு மணி. சூட்டுப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மேஜையில் ஒரு பக்கம் மீட்டர், ஒரு பக்கம் பேசின். ஸ்பேனர் சூட்டுமானியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது ரெடி. நீங்க?"

"எனக்கு இன்னும் நாலு விரல் இருக்கு" என்றாள், தலையைத் தூக்காமல். "நில்லு."

ஸ்பேனர் நின்றார்.